சத்தத்தைப் பூட்டிட்டுப் போயிட்டா

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்கங்க தம்பி. மடியில இருக்கிறது கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே அது இல்லை, அதுக்குப் பக்கத்துல ஒரு பொட்டி நிக்கும்ல, அது. மேல வைங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? கும்பகோணம் வரைக்கும் மடியிலயே வச்சுக்கிறேன்னுட்டேன். நீங்க எதுவரைக்கும்? பாபநாசமா. நல்லதாப் போச்சு.

காதுல என்னமோ மாட்டியிருக்கீங்க. பரவாயில்லை, மாட்டிக்கங்க. ஒரு காதைக் குடுத்தாக்கூட எனக்குப் போதும். என் குரல் அப்படி. முப்பத்தொரு வருஷம் கோர்ட்டுல டவாலி. பட்டுக்கோட்டையில நாடிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, வக்கீலுங்க அத்தனை பேரும் சொல்லுவாங்க. கேஸ் கூப்பிடுறது நான்தான். வாசல்ல நின்னு பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடணும். நான் கூப்பிட்டா எதிர் டீக்கடையில நிக்கிறவன் கிளாஸை வச்சிட்டு ஓடி வருவான். ஒரு தடவை மைக் வைக்கலாம்னு பேச்சு வந்துச்சு. 'நாடிமுத்து இருக்கும்போது மைக் எதுக்கு'ன்னு ஜட்ஜம்மாவே சொன்னாங்க. மூணு தடவை கூப்பிட்டும் ஆள் வரலைன்னா எக்ஸ்பார்ட்டி. அதாவது ஆள் இல்லாமலே தீர்ப்பு. அதுக்கப்புறம் வந்து அழுதாலும் தனியா மனு போட்டுத்தான் உள்ள வரணும்.

இந்தப் பொட்டி என்னுது இல்லை. என் வீட்டம்மாவோடது. மங்கையர்க்கரசி. அவ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல சொல்லிக் குடுத்தவ. இன்ஸ்டிட்யூட்டை மூடினதும் சும்மா இருக்காம, கண்ணு தெரியாத காலேஜ் பிள்ளைங்களுக்குப் பாடம் வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் குடுக்கிற ஒரு குழுவுல சேர்ந்துட்டா. அவங்க குடுத்த மிஷின் இது. உள்ள லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர். காசில்லாம வர்றதாம். இவ மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, தலையில ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சான்னா நாலு மணி வரைக்கும் சத்தம் போடக் கூடாது. டிவி கூடாது. ஃபோன் கூடாது. ரிட்டயர் ஆன மனுஷன் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவான், சொல்லுங்க.

நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணமாட்டேன். காப்பி வேணும்னா கூப்பிடுவேன். கண்ணாடியைக் காணோம்னா கூப்பிடுவேன். பழக்கதோஷம், மூணு தடவைதான் கூப்பிடுவேன். மங்கையர்க்கரசீ... மங்கையர்க்கரசீ... மங்கையர்க்கரசீ... பேரும் பாருங்க, கூப்பிடறதுக்குன்னே வச்ச மாதிரி. மூணாவதுக்கும் வரலைன்னா 'எக்ஸ்பார்ட்டி'ன்னு சொல்லிச் சிரிப்பேன். வேடிக்கைக்குத்தான். முன்னாடியெல்லாம் அவளும் சிரிப்பா.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, வாசிக்காத நேரத்துலயும் அந்த ஹெட்ஃபோனைத் தலையிலயே வச்சிருக்க ஆரம்பிச்சா. மிஷின் அணைஞ்சு கிடக்கும். இவ மாட்டிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. ஒயர் எதுலயும் மாட்டாம தரையில கிடக்கும். கழட்ட மறந்துட்டா போலன்னு நினைச்சுக்குவேன். வயசு ஆகுதுல்ல.

ஆடிப் பெருக்கு அன்னைக்குத்தான் வந்துச்சு வினை. விருந்தாளி யாரும் இல்லை, நாங்க ரெண்டு பேருதான். சித்ரான்னம் பண்ணி வச்சிட்டு உள்ள போயிட்டா. எனக்கு ஊறுகா வேணும். கூப்பிட்டேன். மூணு தடவை. வரலை. மறுபடியும் மூணு. வரலை. எழுந்து போனேன் தம்பி. கதவைத் திறந்தா, இவ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கா. நான் அடிக்கலை. திட்டலை. சத்தியமா ஒரு சொல்லு சொல்லலை. அந்த ஒயரைத்தான் பிடிச்சு இழுத்தேன். ஹெட்ஃபோன் அவ தலையில இருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அவ என்னையே பார்த்தா. ஊறுகா ஜாடியை எடுத்துட்டு வந்து இலைக்குப் பக்கத்துல வச்சா. மறுநாள் காலம்பர ஒரு பையை எடுத்துக்கிட்டு, 'திலகா வீட்டுக்குப் போறேன்'னா. திலகவதி அவ தங்கச்சி, கும்பகோணத்துல இருக்கா. நாலு நாள்ல வந்துருவான்னு நினைச்சேன். இப்ப கார்த்திகை.

இதுல அநியாயம் என்னன்னா, போனவ சும்மா போகலை. கம்ப்யூட்டர்ல சத்தத்தைப் பூட்டிட்டுப் போயிட்டா. அப்படித்தான் நான் நினைச்சேன்.

அவ போயி ஒரு வாரம் இருக்கும். மிஷின் தூசி பிடிக்குதேன்னு துடைக்கப் போனேன். ஓடுதான்னு பார்ப்போமேன்னு ஸ்விட்சைப் போட்டேன். அவ பண்றதைப் பார்த்திருக்கேன்ல. பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னு வரிசையா இருந்துச்சு. ஒண்ணை அமுக்கினேன். திரையில ஒரு கோடு நகருது, நிமிஷம் ஓடுது, சத்தம் மட்டும் வரலை. துடைக்கத்தான் போனேன்னு சொன்னேன்ல, அது பொய். அவ குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. வீட்டுல டிவி எவ்வளவு சத்தமா வச்சாலும், அணைச்ச உடனே ஒரு மாதிரி வந்துடுது தம்பி. சொல்லத் தெரியலை.

ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன்ல மாட்டிப் பார்த்தா நல்லாப் பாடுது. ஒயரைக் கழட்டிக் கழட்டி மாட்டினேன். பின்னாடி பச்சைத் துளை, நீலத் துளை, சிவப்புத் துளை, எல்லாத்துலயும் விட்டுப் பார்த்தேன். ஊஹூம். திரையில மேல ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை நூறு வரைக்கும் ஏத்தினேன். ஊஹூம். செட்டிங்குக்குள்ள போனேன். சத்தம் எது வழியா வெளிய வரணும்னு ஒரு இடம் இருக்கு. அங்க என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? ஹெட்ஃபோன். ஆளும் இல்லை, ஹெட்ஃபோனும் இல்லை, ஹெட்ஃபோன்னு எழுதியிருக்கு! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவ காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கான்னுதானே நினைப்பேன்? ஸ்பீக்கருக்கு மாத்தி விட்டேன். அப்பவும் சத்தம் இல்லை. அணைச்சுப் போட்டா மறுபடியும் ஹெட்ஃபோன்னு வந்து உக்காந்துக்கிச்சு. மாத்துறேன், திரும்பி வருது. மாத்துறேன், திரும்பி வருது. அவ பிடிவாதம் அப்படியே அதுக்கும் வந்துடுச்சுன்னு சொல்லிக்கிட்டேன்.

அந்தக் குழுவுல ஒருத்தருக்கு ஃபோன் பண்ணினேன். நல்ல மனுஷர், பொறுமையாப் பேசினாரு. கறுப்பா ஒரு திரையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லி அடிக்க வச்சாரு. வரிசையா கம்பி கம்பியா நின்னுச்சு. சில கம்பிக்குக் கீழ எம் எம்முன்னு போட்டிருக்கும், எம் பட்டனை அமுக்குங்கன்னாரு. அமுக்கினேன். சைபர் சைபர்னு மாறுச்சு. சைபர்னா சத்தம் இல்லைன்னுதானே அர்த்தம்? இது என்னடா, இருந்ததும் போச்சேன்னு மறுபடி அமுக்கி எம் எம் ஆக்கிட்டேன். சைபர்னாதான் சத்தம் வருமாம், எம்முன்னா வாயடைச்சுக் கிடக்குன்னு அர்த்தமாம். இதை அவரு மறுநாள்தான் சொன்னாரு. அதாவது, சொல்ல வந்தாரு. நான் பேசிக்கிட்டு இருந்ததுல அவருக்கு இடம் கிடைக்கலை.

அவரு ஒண்ணு கேட்டாரு, இப்ப நினைச்சா சங்கடமா இருக்கு. 'முன்பக்கத் துளையில ஏதாச்சும் சொருகியிருக்கா சார்?' நான் குனிஞ்சு பார்த்தேன். ஒண்ணும் தொங்கலை. இல்லைன்னேன். 'நல்லாப் பாருங்க சார், ஏதோ மாட்டியிருக்குன்னு மிஷின் நினைக்குது'ன்னாரு. 'நினைச்சா நினைச்சுட்டுப் போகுது, என் வீட்டம்மா பூட்டி வச்சிட்டுப் போயிருக்கா, அந்தப் பூட்டை எப்படித் திறக்கிறது, அதைச் சொல்லுங்க'ன்னேன். 'அவங்களையே கேளுங்களேன்'னாரு.

கேக்கலை. நான் எதுக்குக் கேக்கணும்? பூட்டினவ அவ. திறக்க வேண்டியவ அவ. நாலு மாசம் அப்படியே ஓடிப்போச்சு. தினமும் ரெண்டு மணிக்கு ஸ்விட்சைப் போடுவேன். பாடத்தை அமுக்குவேன். கோடு நகர்றதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன், நாலு மணி வரைக்கும். பைத்தியமான்னு நினைக்காதீங்க. அந்தக் கோடு நகருதுன்னா அவ பேசிக்கிட்டு இருக்கான்னுதானே அர்த்தம்? எனக்குக் கேக்கலை, அவ்வளவுதான்.

இது அய்யம்பேட்டைதானே? சரி சரி. நேரம் இருக்கு.

போன வியாழக்கிழமை திலகவதி ஃபோன் பண்ணினா. அக்கா ஃபோன் பண்ணலை, தங்கச்சி. 'அத்தான், அக்காவுக்கு அந்த மிஷின் வேணுமாம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருதாம், இன்னும் மூணு பாடம் பாக்கியாம். செல்ஃபோன்ல வாசிச்சுப் பார்த்தா, சரியா வரலையாம். பார்சல்ல போட்டு விடுங்க'ன்னா. 'அக்காவைப் பேசச் சொல்லு'ன்னேன். 'குளிக்கிறா அத்தான்'னா. நான் வச்சிடலை, அப்படியே காத்திருந்தேன். ரொம்ப நேரம் குளிச்சா. அப்புறம் திலகவதியே வச்சிட்டா.

பார்சல்ல போடுற சாமானா இது? நேர்ல கொண்டு போய்க் குடுக்கலாம்னு முடிவு பண்ணினேன். சத்தம் வராத மிஷினைக் குடுத்தா, நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடுவா. அதனால இன்னைக்குக் காலம்பர தஞ்சாவூர்ல இறங்கி ஒரு கடைக்குக் கொண்டு போனேன். ஜெசிந்தான்னு ஒரு அம்மா வச்சிருக்காங்க. எல்லாத்தையும் முதல்ல இருந்து சொன்னேன். பூட்டினது, ஹெட்ஃபோன்னு எழுதியிருந்தது, எல்லாம். அந்தம்மா நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பாடம் ஒன்பதை ஓட விட்டுட்டு, செட்டிங்கைப் பார்த்து அந்த எம் எம்மையெல்லாம் சைபர் ஆக்கிட்டு, ஒரு சின்ன டார்ச்சை எடுத்து முன்பக்கத் துளைக்குள்ள அடிச்சாங்க. 'சார், உள்ள பின்னு ஒடைஞ்சு கிடக்கு'ன்னாங்க.

அந்த ஹெட்ஃபோன் ஒயரோட நுனி. நான் இழுத்தப்போ ஒயர் வந்துடுச்சு, நுனி உள்ளயே நின்னுடுச்சு. அது உள்ள இருக்கிற வரைக்கும் யாரோ ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு மிஷின் நம்புமாம். அப்படி நம்பினா ஸ்பீக்கரை வாயடைச்சிடுமாம். அதுக்கு அப்படி ஒரு மரியாதை. ஒருத்தர் தனியாக் கேக்கும்போது வெளிய சத்தம் போடக் கூடாதாம். நாலு மாசமா அது அங்க இல்லாத ஒரு ஆளுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அந்தம்மா ஒரு பழைய ரீஃபில் முனையில ஒரு சொட்டுப் பசை வச்சு, துளைக்குள்ள விட்டு, அசையாம ஒரு நிமிஷம் பிடிச்சாங்க. மெதுவா இழுத்தாங்க. வந்துடுச்சு. வந்த அதே நொடியில மங்கையர்க்கரசி பேசினா தம்பி. கடை முழுக்க. பாடம் ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு! 'சோழர்களின் நீர் மேலாண்மையில்...'னு அவ குரல். அந்தம்மா என்னைப் பார்த்துட்டு, ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சாங்க.

அந்தம்மா திறந்து வச்ச திரையில அவ குரல் மேடும் பள்ளமுமாத் தெரிஞ்சுது, சத்தம் கூடினா உசரமா எழும்பும். சின்னச் சின்னதா, புல்லு முளைச்ச மாதிரி. நடுவுல திடீர்னு மூணு பனைமரம் நிக்குது. 'இது என்ன சார்?'னு அந்தம்மா கேட்டாங்க. நகர்ற கோடு அங்க வந்ததும் தெரிஞ்சுபோச்சு. மங்கையர்க்கரசீ! நான்தான். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் ஹால்ல இருந்து கூப்பிட்டிருக்கேன், எவ்வளவு கணீர்னு விழுந்திருக்கு தெரியுமா? அந்தம்மாவே திரும்பி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் நாற்காலி நகர்ற சத்தம். 'காப்பி மேசை மேலதாங்க இருக்கு'ன்னு அவ. மறுபடி நாற்காலி. மறுபடி முதல் வரியில இருந்து, 'சோழர்களின் நீர் மேலாண்மையில்...'. கொஞ்ச நேரத்துல மறுபடி மூணு பனைமரம். மறுபடி 'சோழர்களின்...'. அந்த ஒரு வரியை அஞ்சு தடவை வாசிச்சிருக்கா. ஒரு தடவைகூடக் குரல்ல கோவம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் ஆரம்பிக்கிற மாதிரி. அதுலதான் அவளை அடிச்சுக்க ஆள் இல்லை.

அப்புறம் ஒரு ஃபைல். பேரே வைக்கலை. ஆடி மாசத் தேதி. நாப்பது நிமிஷம் ஓடுது, பாடமே இல்லை. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும். நடுவுல நான் மூணு தடவை கூப்பிடுறேன். நாற்காலி நகரலை. 'எக்ஸ்பார்ட்டி'ங்கிறேன், சிரிக்கிறேன். அப்பவும் நகரலை. மறுபடி ஃபேன். 'இதுல ஒண்ணும் இல்லையேம்மா, மிஷின் கோளாறா'ன்னு கேட்டேன். 'இல்ல சார், அவங்க சும்மா உக்காந்திருக்காங்க'ன்னாங்க. ஹெட்ஃபோன் மாட்டியிருந்திருப்பா, நான் கூப்பிட்டது கேட்டிருக்காதுன்னு சொன்னேன். அந்தம்மா பொட்டியைத் துடைச்சுக் குடுத்தாங்க.

அந்த நுனி இந்தச் சட்டைப் பையில இருக்கு, பாருங்க. அரிசி அளவுதான். இதைக் காட்டி, 'நீ பூட்டலை, இதுதான் காரணம், உன் மேல தப்பு இல்லை'ன்னு சொல்லப் போறேன். பெருந்தன்மையாச் சொல்லிடணும். கேட்டதும் அவளுக்கு மனசு ஆறிடும். சாயங்கால பஸ்ஸுலயே ரெண்டு பேரும் திரும்பிடலாம். பொட்டியை மறுபடி சுமக்கணும், அது ஒண்ணுதான்.

நானே பேசிக்கிட்டு வர்றேன். நீங்க அந்தக் காதுக் கருவியைக் கழட்டவே இல்லையே, பாட்டும் கேட்டுக்கிட்டு நான் பேசுறதுக்கும் தலையாட்டுறீங்க, கெட்டிக்காரர்தான். என்ன பாட்டு ஓடுது?

ஓடலையா? சார்ஜ் தீர்ந்துடுச்சா?

இருக்கா? அப்புறம் எதுக்கு மாட்டியிருக்கீங்க?

ஓ.

இல்ல இல்ல, வருத்தமெல்லாம் இல்லை. என்னைச் சொல்லலை, பொதுவாத்தான் சொல்றீங்க, புரியுது. பஸ்ஸுல யாராச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டே வருவாங்க, மாட்டியிருந்தா விட்டுடுவாங்கன்னு. நியாயம்தான். அப்போ நான் பேசினது எல்லாமே, மொதல்ல இருந்தே, நல்லாக் கேட்டுச்சா?

நல்லாக் கேட்டுச்சு.

அப்போ அவளுக்கும் கேட்டிருக்கும்.

மிஷினை அணைச்சிட்டு, ஒயரைத் தரையில போட்டுட்டு, மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்னு சொன்னேன்ல. மறந்துட்டான்னு சொன்னேன்ல. அந்த நாப்பது நிமிஷமும் கேட்டிருக்கு. கூப்பிட்டது மூணும் கேட்டிருக்கு. சிரிச்சதும் கேட்டிருக்கு. கேட்டுட்டுத்தான் எழுந்திருக்கலை.

கோர்ட்டுல ஒரு மனு உண்டு தம்பி. எக்ஸ்பார்ட்டி ஆனதை ரத்து பண்ணச் சொல்லிப் போடுறது. நாளாகிப் போச்சுன்னா கூடவே இன்னொரு மனு வைக்கணும், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி. அதுல ஒவ்வொரு நாளுக்கும் காரணம் எழுதணும். எத்தனை பேரை அதுக்காக வாசல்ல நின்னு கூப்பிட்டிருக்கேன். கையில காகிதத்தை வச்சிக்கிட்டு உள்ள போவாங்க. நாலு மாசத்துக்கு நான் என்னன்னு எழுதுவேன்? சத்தம் வரலைன்னா?

பாபநாசம் வந்துடுச்சு. எழுந்துக்கங்க, நான் காலை மடக்கிக்கிறேன். பார்த்து, பொட்டி இடிக்கப் போகுது. ஒரே ஒரு நிமிஷம் இருங்க, கூட்டம் இறங்கட்டும். திலகவதி வீட்டு வாசல்ல ஒரு இரும்புக் கேட்டு. எப்பப் போனாலும் நான் தெருவுல நின்னே கூப்பிடுவேன், ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவங்ககூட எட்டிப் பார்ப்பாங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பெல் இருக்கு. இதுவரைக்கும் நான் தொட்டது கிடையாது. அதை ஒரு தடவை அடிச்சிட்டு, அவ வர்ற வரைக்கும் பேசாம நிக்கணும்னு பார்க்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.

நிப்பேன்னு நினைக்கிறீங்களா?